எல்லா மான்ஹ்வாவும் ஏன் சோலோ லெவலிங் மாதிரியே இருக்கிறது?

கேள்வி இதுதான்: சோலோ லெவலிங் அனிமே பார்த்துப் பிடித்துப்போய் அதே வகையில் வேறு மான்ஹ்வாக்களை, அதாவது கொரிய காமிக்ஸ்களை, பத்துப் பன்னிரண்டு தேடிப் படித்தால், எல்லாவற்றிலும் அசுரர்கள் வெளிவரும் அதே கேட், பலத்தை அளக்கும் அதே இ-யிலிருந்து எஸ் வரை ரேங்க், விளையாட்டுத் திரைபோல விவரம் காட்டும் அதே நீலப் பெட்டி, அதே கறுப்புக் கோட்டு ஹீரோ. இவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடிக்கிறார்களா, அல்லது இந்த வகையே இப்படித்தானா?

இரண்டும்தான். கொரிய வாசகர்களே இவற்றை ‘தொழிற்சாலைச் சரக்கு’ என்று திட்டிக்கொண்டேதான் அடுத்ததையும் படிக்கிறார்கள். ஆனால் இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுச்சரக்கு, அதாவது கேட், அதற்குள் இருக்கும் டன்ஜன் என்ற அசுரக் குகை, வேட்டைக்காரர் கூட்டமான கில்டு, லெவலைக் காட்டும் ஸ்டேட்டஸ் விண்டோ (அந்த நீலப் பெட்டி), செத்துக் காலத்தில் பின்னோக்கி வருவது, இதெல்லாம் சோலோ லெவலிங் வருவதற்கு முன்பே கொரிய இணைய நாவல்களில் குவிந்து கிடந்தவை. இன்னொன்று, 2018க்குப் பிறகு சோலோ லெவலிங்கின் வெற்றியைப் பார்த்து அதன் தோற்றத்தை எடுத்துக்கொண்டவை. முதலாவதில் எனக்குப் புகார் எதுவும் கிடையாது, இரண்டாவதில் நிறைய உண்டு.

முதலில் சோலோ லெவலிங்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பலரும் அதுதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று நினைக்கிறார்கள். சுகோங் என்ற புனைபெயரில் எழுதியவர் 2016இல் ககாவோபேஜ் என்ற கொரிய இணையத் தளத்தில் நாவலாகத் தொடங்கியது அது. 2018 மார்ச்சில் காமிக்ஸாக வந்தது, 2021 டிசம்பரில் மூலக்கதை முடிந்தது. நாயகன் சங் ஜின்-வூவுக்கு சிஸ்டம், அதாவது அந்த நீலப் பெட்டியை இயக்கும் சக்தி, கொடுக்கும் தினசரி வேலை ஞாபகமிருக்கிறதா? நூறு புஷ்-அப், நூறு சிட்-அப், நூறு ஸ்குவாட், பத்து கிலோமீட்டர் ஓட்டம். இது ஒன் பஞ்ச் மேனின் சைத்தாமா தலைமுடி கொட்டும்வரை செய்த பயிற்சி, எண் மாறாமல் அப்படியே. அந்த ஜப்பானிய இணையக் காமிக்ஸ் வந்தது 2009இல். யாரும் சண்டைக்குப் போகவில்லை, வாசகர்கள் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். ஏ-க்கு மேலே எஸ் என்று ஒரு படி வைப்பதும் ஜப்பானிய விளையாட்டுகளிலிருந்து வந்த பழக்கம். அசுர வேட்டையைக் கூலி வேலைபோல ஆக்கி, அடியைத் தாங்கும் டாங்க்கர், காயம் ஆற்றும் ஹீலர் என்று ஆட்களைப் பிரித்து, ஹீலராகப் பிறந்தவனை சமூகம் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதாகக் காட்டியது ‘நான் ஒரு பிரபு’ என்ற கொரிய இணைய நாவல், 2010களின் முதல் பாதியிலேயே. ரெய்டு, அதாவது கூட்டமாகப் போய் அசுரனை வேட்டையாடும் கதைகளுக்குத் தொடக்கம் என்று அங்கே பலரும் கைகாட்டுவது அதைத்தான். நீலப் பெட்டியும் புதிதில்லை, ‘தி கேமர்’ என்ற வெப்டூனில் (திரையில் உருட்டிப் படிக்கும் கொரிய காமிக்ஸ்) 2013லேயே ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு உலகமே விளையாட்டுத் திரையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

சரி, இந்தப் பொதுச்சரக்கு எங்கிருந்து வந்தது? பிசி பாங் என்கிற கணினிக் கடைகளிலிருந்து என்று சொன்னால் பெரிய பொய்யில்லை. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொரியாவில் தெருவுக்குத் தெரு இந்தக் கடைகள் முளைத்தன. 1998இல் ஸ்டார்கிராஃப்டும் லீனியேஜும் வந்தன. லீனியேஜ் என்ற ஆன்லைன் விளையாட்டே ஷின் இல்-சூக் வரைந்த ஒரு கொரிய காமிக்ஸிலிருந்து பிறந்ததுதான், ஆக விளையாட்டிலிருந்து காமிக்ஸ் எடுத்தது, காமிக்ஸிலிருந்து விளையாட்டு எடுத்தது என்று வட்டமாகத்தான் சுற்றுகிறது. அதே காலத்தில் வாடகைப் புத்தகக் கடைகளில் ஃபேன்டசி நாவல்கள் கட்டுக்கட்டாக ஓடின, 1999லேயே மெய்நிகர் விளையாட்டையும் நிஜ உலகக் கொலையையும் பின்னிய கொரிய நாவல் வந்தாயிற்று. 2007இல் ‘லெஜண்டரி மூன்லைட் ஸ்கல்ப்டர்’ வந்தது. அதன் நாயகன் பரம ஏழை. வருடக்கணக்கில் வளர்த்த தன் விளையாட்டுக் கணக்கை ஏலம் விடுகிறான், 300 கோடி கொரிய வொன்னுக்கு மேல் போகிறது, கந்துவட்டிக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். விளையாட்டில் லெவல் ஏறுவது பொழுதுபோக்கில்லை, பிழைப்பு என்ற எண்ணம் அங்கேயே வந்துவிட்டது.

இதில் ஒரு கிளைக்கதை சொல்லியே ஆக வேண்டும். லீனியேஜ் 2 விளையாட்டின் பார்ட்ஸ் என்ற சர்வரில், அதாவது தனித்தனியாக ஓடும் ஆட்ட உலகங்களில் ஒன்றில், 2004இல் ஒரு கலகம் நடந்தது. டிகே என்ற பெரிய கூட்டம் நல்ல வேட்டைக்களங்களையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு வரியை ஏற்றியது, எதிர்த்தவர்களைக் கண்ட இடத்தில் கொன்றது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சாதாரண ஆட்டக்காரர்கள், வேறு சர்வர்களிலிருந்தெல்லாம் புதுக் கணக்கு தொடங்கி வந்து, கவசம் வாங்கக்கூட வழியில்லாத முதல் லெவல் பாத்திரங்களாகக் கூட்டங்கூட்டமாகப் போய் விழுந்து செத்தார்கள். உள்ளாடைப் படை என்று அவர்களுக்குப் பெயர். இன்றும் கொரியாவில் பார்ட்ஸ் விடுதலைப் போர் என்று சொன்னால் அந்தத் தலைமுறைக்குப் புரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஹன்டர் காமிக்ஸில், அதாவது இந்த அசுர வேட்டைக் கதைகளில், வரும் கில்டுகளைப் பாருங்கள், ஒப்பந்தம், பங்கு, கேட் ஏலம், கண்ணாடிக் கட்டடத்தில் அலுவலகம், மேலே ஒரு திமிர்பிடித்த கில்டு மாஸ்டர். அது ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதால் மட்டும் வந்ததில்லை, எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே சர்வரில் அடி வாங்கியவர்கள்.

அப்புறம் ஜப்பானிய இசெகாய் என்ற வேற்றுலகக் கதைகளோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே நாயகன் லாரியில் அடிபட்டு வேறு உலகத்துக்குப் போய்விடுகிறான். கொரியாவிலும் 2000களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் வேறு உலகம் போய் அட்டகாசம் செய்யும் நாவல்கள் நிறைய வந்தன, அந்த அலை ஓய்ந்த பிறகு திசை மாறியது, இப்போது வேறு உலகம் சியோலுக்கு வருகிறது. கேட் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நடுவில் திறக்கிறது, ஓம்னிஷியன்ட் ரீடர் என்ற கதை மெட்ரோ மூன்றாம் தடத்தில் ஒரு பெட்டிக்குள் தொடங்குகிறது, சோலோ லெவலிங்கின் பெரிய போர் ஜெஜு தீவில் நடக்கிறது. நாயகனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிறது, தங்கைக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. வேட்டைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து வாடகை கொடுக்க வேண்டும்.

செத்து மறுபடி பிறப்பது, காலத்தில் பின்னோக்கி வருவது, இன்னொருவர் உடலில் விழிப்பது, இந்த மூன்றும் கொரிய இணைய நாவலில் இவ்வளவு ஆட்சி செய்வதற்கும் அந்த ஊர்க் காரணம் உண்டு. 2015 வாக்கில் அங்கே இளைஞர்கள் தங்கள் நாட்டையே நரக ஜோசன் (ஜோசன் என்பது பழைய கொரிய அரசு) என்று அழைக்க ஆரம்பித்தார்கள், தங்கக் கரண்டி, மண் கரண்டி என்று பிறப்பை வைத்து வாழ்க்கையை அளந்தார்கள். பரீட்சை, வேலை, வீடு எல்லாவற்றிலும் முதல் தடவை தவறினால் மறுவாய்ப்பு இல்லை என்று நம்புகிற ஒருவருக்கு, நடந்தது எல்லாம் தெரிந்த மூளையோடு மறுபடி இருபது வயதில் விழிப்பதைவிடப் பெரிய வரம் என்ன இருக்கிறது? 2022இல் தொடராக வந்து சக்கைபோடு போட்ட ரீபார்ன் ரிச்சில் வாளும் இல்லை, அசுரனும் இல்லை, கொலைசெய்யப்பட்டவன் 1987இல் ஒரு பெருமுதலாளி வீட்டுப் பேரனாக விழிக்கிறான், அவ்வளவுதான். அசுரனை எடுத்துவிட்டாலும் இயந்திரம் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி பணம். இதை விட்டுவிட்டு ‘கற்பனை வறட்சி’ என்று பேசுவது வீண். கொரிய இணைய நாவல் புத்தகமாக விற்பதில்லை, அத்தியாயமாக விற்கிறது, பெரும்பாலும் ஓர் அத்தியாயம் நூறு வொன். எழுதுகிறவர் வாரத்துக்கு ஐந்து, ஆறு, சிலர் ஏழு அத்தியாயம்கூடத் தருகிறார்கள். 2014இல் ககாவோபேஜ் ‘காத்திருந்தால் இலவசம்’ என்ற முறையைக் கொண்டுவந்தது: குறிப்பிட்ட நேரம் பொறுத்திருந்தால் ஓர் அத்தியாயம் சும்மா, பொறுக்க முடியாவிட்டால் காசு. ஆக வருமானமே பொறுமையின்மையிலிருந்துதான் வருகிறது. ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் வாசகர் பல்லைக் கடிக்க வேண்டும். இந்த நிலையில் எழுத்தாளர் மூன்று அத்தியாயம் செலவழித்து ஒரு புது உலகத்தின் விதிகளை விளக்கினால் வாசகர் போய்விடுவார். கேட், ரேங்க், கில்டு என்று சொன்னால் விளக்கமே வேண்டாம், அரைப் பக்கத்தில் கதை ஆரம்பமாகிவிடுகிறது. நாயகனுக்குத் தடை வந்து நீண்டுகொண்டே போனால் கொரிய வாசகர்கள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்பார்கள், தொண்டையில் அடைக்கிறதாம். அவன் எதிரியை உடனே புரட்டிப்போட்டால் சைடர், அதாவது அங்கே கிடைக்கும் சோடா மாதிரியான பானம். கருத்துப் பெட்டியில் கிழங்கு, கிழங்கு என்று கத்த ஆரம்பித்தால் அடுத்த அத்தியாயத்தின் வசூல் இறங்கும். ஆகவே எழுத்தாளர் கிழங்கைக் குறைக்கிறார். எல்லாரும் குறைக்கிறார்கள். எல்லாக் கதையும் ஒன்றுபோல ஆவதற்கு இதைவிட நேர்வழி இருக்க முடியாது.

இதன்மேல் காமிக்ஸ் தயாரிப்பு வருகிறது. 2010இல் தொடங்கிய டவர் ஆஃப் காட், 2011இல் வந்த தி காட் ஆஃப் ஹைஸ்கூல் எல்லாம் ஒருவர் தானே யோசித்து, தன் பெயரில் நேவர் என்ற கொரிய இணையத் தளத்தில் போட்டவை, படம் ஆரம்பத்தில் சுமாராகவே இருக்கும், ஆனால் கை யாருடையது என்று தெரியும். பிறகு ஓடிய நாவலை வாங்கி ஸ்டுடியோவில் காமிக்ஸாக்கும் முறை வந்தது. ஒருவர் நாவலைக் காட்சியாக வெட்டுகிறார், ஒருவர் கோடு போடுகிறார், ஒருவர் வண்ணம், ஒருவர் பின்னணி, ஒருவர் ஒளிக்கீற்று. வாரத்துக்கு அறுபது எழுபது கட்டம் முழு வண்ணத்தில் வர வேண்டும். பின்னணிக்கு ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளின் முப்பரிமாண மாதிரிகளைக் கடையில் வாங்கிப் போடுகிறார்கள், அந்தக் கடையில் எல்லாருக்கும் ஒரே ஆஸ்பத்திரி வராந்தா, ஒரே சந்து, ஒரே அரண்மனைத் தூண்தான் கிடைக்கும். அதனால் இரண்டு வேறு காமிக்ஸில் ஒரே மாடிப்படியைப் பார்த்தால் திருட்டு என்று குதிக்க வேண்டாம், இருவரும் காசு கொடுத்து வாங்கியதுதான்.

சோலோ லெவலிங்கை வரைந்த ஜாங் சங்-ராக் இந்த முறைக்குள்ளேதான் வேலை செய்தார், டுபு என்ற பெயரில், ரெடைஸ் ஸ்டுடியோவில். 2022 ஜூலையில் காலமானார். அவருடைய பங்கைப் பலர் குறைத்தே பேசுகிறார்கள். நாவலை மட்டும் படித்தால் அது சாதாரணம், வாக்கியங்கள் தட்டை, துணைப் பாத்திரங்களுக்கு உயிர் கிடையாது. செங்குத்தாக உருட்டிப் படிக்கும் திரையில் ஒரு வெட்டு எவ்வளவு நீளமாக இறங்க வேண்டும், இருட்டை எங்கே வைக்க வேண்டும், கண்ணிலிருந்து வரும் ஒளி எந்தப் பக்கம் இழுபட வேண்டும் என்று அவர் கண்டுபிடித்ததுதான் கதையைத் தூக்கியது. பின்னால் வந்தவர்கள் காப்பி அடித்தது பெரும்பாலும் இதைத்தான்: ஊதாவும் நீலமும் கலந்த புகை, குறுகிய தாடை, ஒரு பக்கமாக விழும் கறுப்பு முடி, சோப்ளாங்கியாக இருந்தவன் பதினைந்தாவது அத்தியாயத்தில் திடீரென்று மாடல் மாதிரி நிற்பது.

ஆனால் கதையில் அவர்கள் எதைக் காப்பி அடிக்கத் தவறினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சோலோ லெவலிங் உலகத்தில் ஒருவனுடைய ரேங்க் விழிப்புணர்வு வந்த நாளிலேயே முடிவாகிவிடும். இ என்றால் பெரும்பாலும் சாகும்வரை இ. உழைத்தாலும் ஏறாது. அந்தக் கல்மண்டபத்தில், இரட்டை டன்ஜனில், பெரிய சிலைகள் சுற்றி நிற்க ஜின்-வூ காலை இழந்து சாவதை அவ்வளவு நேரம் காட்டியபின் அவனுக்குக் கிடைக்கும் வரம் பலமில்லை, லெவல் ஏறலாம் என்ற அனுமதி. யாருமே வளர முடியாத உலகில் ஒருவன் மட்டும் வளர்கிறான். கொரியத் தலைப்பின் நேர்ப் பொருளே அதுதான். கரண்டிகளைப் பற்றிச் சொன்னேனே, அங்கே போய் இது எப்படித் தைத்திருக்கும் என்று யோசியுங்கள். பின்னால் வந்தவர்கள் நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் ஊரில் எல்லாருக்கும் ஒரு பெட்டி கொடுத்துவிட்டார்கள். எல்லாரும் லெவல் ஏறுகிறார்கள், நாயகன் கொஞ்சம் வேகமாக ஏறுகிறான். அப்படியானால் அவன் தனியாக இருப்பதற்கு என்ன அர்த்தம்? இன்னும் சில கதைகளில் பயப்பட வைக்கும் அந்த ஆரம்பத்தையே வெட்டிவிட்டு முதல் அத்தியாயத்திலேயே எஸ் ரேங்க் தருகிறார்கள், சைடர் வேகம் வேண்டுமென்று. முப்பது அத்தியாயத்துக்குள் கதைக்குத் தண்ணீர் வற்றிவிடுகிறது, அடுத்து எஸ்எஸ், அப்புறம் எஸ்எஸ்எஸ், அப்புறம் கடவுள்கள்.

முரிம் என்ற தற்காப்புக்கலை வீரர்களின் உலகத்துக் கதைகளிலும் இதே பொதுச்சரக்கு உண்டு. ஷாவோலின், வூடாங், ஹுவா மலை, பிச்சைக்காரர் சங்கம், விஷத்துக்குப் பேர்போன சிச்சுவான் டாங் குடும்பம், எதிரில் தேவ அசுரனின் கூட்டம், எந்தக் கதையைத் திறந்தாலும் இவர்கள்தான். சீன வூசியா, அதாவது வாள்வீரர் சாகச நாவல்கள் 1960களிலிருந்து கொரிய மொழியில் வந்து வந்து, அவர்களே சொந்தமாக எழுத ஆரம்பித்து, பட்டியல் ஊறிப்போய்விட்டது. யாரும் யாரையும் கேட்பதில்லை. ‘ரிட்டர்ன் ஆஃப் தி மவுண்ட் ஹுவா செக்ட்’ இந்தப் பட்டியலில் ஒரு வரியைக்கூட மாற்றாமல்தான் எழுதப்பட்டது. அசுரத் தலைவனைக் கொன்று தானும் செத்த வாள்வீரன் நூறு வருடம் கழித்து ஒரு பிச்சைக்காரச் சிறுவனாக விழித்து, தன் பள்ளியைத் தேடிப் போனால் அது கடனில் மூழ்கி, ஓட்டுக்கூரை பெயர்ந்து நிற்கிறது. வாள் வித்தை அப்புறம், முதலில் கடன்காரனைச் சமாளிக்க வேண்டும். சிறுவன் உடம்புக்குள் இருக்கும் அந்தக் கிழவனுடைய வாய்க்காகவே படிக்கலாம்.

அப்படியானால் திருட்டு எங்கே ஆரம்பிக்கிறது? சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது, கொரியாவிலும் மற்ற நாடுகளிலும்: கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான். கேட் திறந்து அசுரன் வருவது கருத்து. இன்னின்ன விதிகள் பொறித்த கல்மண்டபத்தில், இன்ன வரிசையில் ஆட்கள் சாக, இன்ன வசனத்தோடு ஒருவன் பின்தங்குவது வெளிப்பாடு. நம்மூர் மசாலாப் படத்தில் நாயகன் அறிமுகமே சண்டையோடுதான் என்றால் யாரும் வழக்குப் போடுவதில்லை, அதே சண்டையை ஷாட் பை ஷாட் எடுத்தால் போடுவார்கள். காமிக்ஸில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது படம்தான், கதையில்லை. இன்னொருவர் கட்டத்தின் மேல் தாள் வைத்து வரைந்தால் உருவக்கோடு அப்படியே பொருந்தும், வாசகர்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் போட்டுவிடுவார்கள், பிறகு மன்னிப்பு, தொடர் நிறுத்தம். 2023 மே மாதம் நேவரில் ஒரு புது ஃபேன்டசி வெப்டூன் தொடங்கியபோது கட்டத்துக்குக் கட்டம் முகமும் விரலும் மாறுவதைப் பார்த்து ஏஐ வேலை என்று வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள், மதிப்பெண் பத்துக்கு இரண்டைச் சுற்றி விழுந்தது. கடைசிக்கட்டத் திருத்தத்துக்கு மட்டும்தான் ஏஐ பயன்படுத்தினோம் என்று ஸ்டுடியோ விளக்கம் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், ஒரே கதையை நூறு தடவை காசு கொடுத்துப் படிக்கத் தயாராக இருக்கும் அதே கூட்டம் விரலை மட்டும் மன்னிக்கவில்லை. எனக்கு அது நியாயமாகவே தோன்றுகிறது. பழைய கதையைப் பழையது என்று தெரிந்தேதான் வாங்குகிறோம், மனிதக் கை வரைந்தது என்று நம்பியும் வாங்குகிறோம்.

இதே அச்சுக்குள் இருந்துகொண்டு அச்சைப் பற்றியே பேசுகிறவையும் உண்டு, அவற்றைத்தான் நான் முதலில் கையில் கொடுப்பேன். ஓம்னிஷியன்ட் ரீடரில் கிம் டோக்ஜா ஹீரோ இல்லை, வாசகன். யாருமே படிக்காத மூவாயிரத்துச் சொச்சம் அத்தியாய நாவலைத் தனியாகக் கடைசிவரை படித்தவன், அது நிஜமாகிவிடுகிறது, அதில் திரும்பத் திரும்பப் பின்னோக்கி வரும் வழக்கமான நாயகன் யூ ஜூங்-ஹ்யோக் இன்னொருவனாகப் பக்கத்தில் நிற்கிறான். மனிதர்கள் சாவதை டொக்கேபிக்கள் என்ற கொரியக் குட்டிப்பேய்கள் நேரலையில் ஒளிபரப்பி, மேலே இருக்கும் நட்சத்திர தெய்வங்களிடம் காசு வாங்குகின்றன, அத்தியாயத்துக்கு நூறு வொன் கொடுத்து சைடர் கேட்கும் நம்மைத்தான் சொல்கிறார்கள். எழுதியவர்கள் சிங்-ஷோங் என்ற பெயரில் இயங்கும் இணையர், 2018இல் முன்பியா தளத்தில் தொடங்கி 2020இல் முடித்தார்கள். 2025இல் வந்த திரைப்படத்தை வைத்து இதை எடைபோட வேண்டாம். எஸ்எஸ்எஸ்-கிளாஸ் ரிவைவல் ஹன்டரின் பெயரைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். தன்னைக் கொல்பவனின் திறமையை எடுத்துக்கொள்ளும் வரம், ஆனால் அதற்குச் சாக வேண்டும். செத்தால் ஒருநாள் பின்னால் போகலாம் என்ற திறமை கிடைத்ததும், பல வருடம் முந்திப் போய் ஒருவனைத் தடுப்பதற்காக நாலாயிரம் தடவைக்கு மேல் தன்னையே கொன்றுகொள்கிறான். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது பின்னோக்கி வருவது ஜாலியான விஷயமாக இருக்காது.

புதிதாக எதையாவது எடுத்தால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: முதல் பத்து அத்தியாயத்துக்குள் நாயகனால் எது முடியாது என்று கதை சொல்லியிருக்கிறதா. சொல்லியிருந்தால் கேட்டும் ரேங்க்கும் எத்தனை தடவை வந்திருந்தாலும் கவலையில்லை, தொடர்ந்து படிக்கிறேன். சொல்லாமல் அவன் ஸ்டேட்டஸ் விண்டோவில் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மூடிவிடுகிறேன். நீங்கள் அடுத்து எதைத் தொடங்குவது என்று குழம்பினால் ஓம்னிஷியன்ட் ரீடரிலிருந்து ஆரம்பியுங்கள், ஆனால் ஒரு ஏழெட்டு சாதாரண ஹன்டர் கதைகளைப் படித்த பிறகு படித்தால்தான் அதன் குத்தல் முழுதாக விளங்கும், நீங்கள் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு படித்திருப்பதால் பிரச்சினையில்லை.